135 மில்லி சிங்கிள் ஸ்பீட் ஹப்பை 150 மில்லி டவுன்ஹில் ஃபிரேமில் ஏற்றலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஹார்ட்டெயிலில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்) இருந்து கழற்றிய 135 மில்லிமீட்டர் அகல சிங்கிள் ஸ்பீட் டிஸ்க் ஹப் (கியர் இல்லாத, டிஸ்க் பிரேக் மாட்டும் சக்கர மையம்) ஒன்று, ரிம்மோடு கட்டியபடியே உங்களிடம் இருக்கிறது. புதிதாகக் கைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் டவுன்ஹில் (மலைச்சரிவில் வேகமாக இறங்கும் வகை) ஃபிரேமின் பின்பக்கம் 150×12, அதாவது 150 மில்லி அகலம், 12 மில்லி அச்சு. லிஃப்ட் உள்ள பைக் பார்க்கில் மட்டும்தான் ஓட்டப்போகிறீர்கள், கியர் தேவையில்லை, ஆகவே லேத்தில் இரண்டு 7.5 மில்லி ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) கடைந்து பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. ஹப் ஃபிரேமுக்குள் உட்காரும், சக்கரமும் நடுவில் நிற்கும், கையால் சுற்றினால் அழகாகச் சுற்றும். டிஸ்க்கையும் செயினையும் மாட்டும்போதுதான் சிக்கல் தெரியும். கனடாவின் மேற்குக் கரையில் சைக்கிள் ரிப்பேர் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், இதே கேள்வியோடு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். எல்லோருமே அகலத்தை மட்டும் அளந்திருப்பார்கள். ஒரு பின் ஹப் ஃபிரேமோடு மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்: அச்சு, பிரேக் டிஸ்க், பல்சக்கரம். ஸ்பேசர் சரிசெய்வது முதல் ஒன்றை மட்டும்தான், அதையும் அரைகுறையாக.

டிஸ்க்கில் இருந்து தொடங்குவோம். ஃபிரேமில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) மாட்டும் இடம் இடப்பக்க டிராப்அவுட்டின் (ஃபிரேமில் அச்சு உட்காரும் இடம்) உள்முகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. 135 ஹப் ஆனாலும் 150 ஹப் ஆனாலும் அந்த உள்முகத்தில் இருந்து 15 மில்லிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் டிஸ்க் நிற்க வேண்டும். ஹப்பின் நடுவில் இருந்து பார்த்தால் 150-ல் டிஸ்க் 7.5 மில்லி வெளியே தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் இடப்பக்கம் 7.5 மில்லி ஸ்பேசர் போட்ட உடனே டிஸ்க் அதே 7.5 மில்லி உள்ளே போய்விடும். காலிப்பரை அதன் நீள ஓட்டையில் நகர்த்திச் சரிசெய்யக் கிடைப்பது இரண்டு மூன்று மில்லிதான். 7.5-க்கு வழியே இல்லை.

அப்படியானால் டிஸ்க்குக்கு அடியில் 7.5 மில்லி வளையம் வைத்து நீள போல்ட் போடலாமே என்று அடுத்து தோன்றும். 142 மில்லி ஹப்பை 148 மில்லி அகல ‘பூஸ்ட்’ ஃபிரேமுக்கு மாற்றும் கிட்டுகளில் 3 மில்லி வளையம் வருகிறது, அது ஓடுகிறது, உண்மைதான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கின் முழு விசையும் ஆறு எம்5 (5 மில்லி) போல்ட் இறுக்கிய இடத்தில்தான் இறங்குகிறது. டிஸ்க் ஹப்பின் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்த உராய்வே பெரும்பகுதியைத் தாங்கிவிடும். இடையில் தடித்த வளையம் வந்துவிட்டால் போல்ட் ஒவ்வொன்றும் நீட்டிய கைபோல வளையத் தொடங்குகிறது. 200 மில்லி டிஸ்க், செங்குத்துச் சரிவு, 100 கிலோவுக்கு மேல் ஆளும் வண்டியும் சேர்ந்த எடை. இதை நான் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை, செய்யவும் மாட்டேன்.

சரி, மொத்த 15 மில்லியையும் வலப்பக்கமே போட்டால்? டிஸ்க் கச்சிதமாகத் தன் இடத்தில் வந்து உட்காரும். ஹப் இப்போது ஃபிரேமின் நடுவில் இருந்து 7.5 மில்லி இடப்பக்கம் போய்விட்டது, ஆகவே ரிம்மை அதே அளவு வலப்பக்கம் இழுத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது முடியாத வேலை இல்லை. உதாரணத்துக்கு இரண்டு ஃபிளாஞ்சும் (ஹப்பில் ஸ்போக் மாட்டும் விளிம்பு) ஹப் நடுவில் இருந்து 33.5 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்த பிறகு இடப்பக்கம் 41, வலப்பக்கம் 26 ஆகும். ஸ்போக்கின் நீளத்தில் இதனால் வரும் வித்தியாசம் பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிதான், மரையில் இடம் மிச்சம் இருந்தால் இருக்கிற ஸ்போக்கையே வைத்துக்கொண்டு கோட்டம் எடுத்துவிடலாம். ஆனால் இடப்பக்க ஸ்போக்கின் இழுவை வலப்பக்கத்தில் 63 சதவீதம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே இழுவையில் நிற்கும், அதனால் சக்கரம் கோணாது என்பதுதானே சிங்கிள் ஸ்பீட் ஹப்பை எல்லோரும் விரும்பும் காரணம்? அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சாதாரண கியர் ஹப்பில் கட்டிய சக்கரத்தின் பலத்துக்கே வந்து நிற்கிறோம்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம், செயின் விடாது. டவுன்ஹில் ஃபிரேம்களில் பலவற்றில் பெடல் அச்சு போகும் கூடு 83 மில்லி அகலம், வழக்கமான 73-ஐ விடப் பக்கத்துக்கு 5 மில்லி அதிகம். முன் பல்சக்கரம் ஃபிரேமின் நடுக்கோட்டில் இருந்து சுமார் 56 மில்லியில் நிற்கும். உங்கள் ஹப்பில் பின் பல்சக்கரம் நடுவில் இருந்து 50 மில்லி என்று வையுங்கள். ஸ்பேசரைச் சமமாகப் போட்டால் செயின் 6 மில்லி சாய்வு. மொத்தத்தையும் வலப்பக்கம் போட்டால் ஹப் இடப்பக்கம் நகர்ந்துவிட்டதால் 50 என்பது 42.5 ஆகி, சாய்வு 13 மில்லியைத் தாண்டுகிறது. கியர் வண்டியில் இப்படிச் சாய்வது எப்போதாவது கடைசிப் பல்லில் நடக்கும். இங்கே ஒரே பல், நாள் முழுவதும் அதே சாய்வு. கல் பாதையில் செயின் துள்ளும்போது அது பல்லை விட்டு ஏறிக்கொள்ளும், நீங்கள் பெடலில் நின்று மிதிக்கும் நொடியில் அது நடந்தால் மார்பு ஹேண்டில்பாரில்தான் போய் மோதும்.

டிஸ்க்குக்காக ஹப்பை இடப்பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது, செயினுக்காக வலப்பக்கம். 15 மில்லியை எப்படிப் பிரித்தாலும் ஒன்று கெடும். 83-க்குப் பதில் 73 மில்லி கூடுள்ள ஃபிரேமாக இருந்தால் சம ஸ்பேசரில் செயின் நேராகிவிடும், ஆனால் அப்போதும் டிஸ்க் 7.5 மில்லி உள்ளேதான்.

அச்சு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆளைக் கீழே தள்ளுவது அதுதான். இரண்டு வருடம் முன்பு ஒரு பையன் சக்கரம் ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். கழற்றினால் 10 மில்லி அச்சு, அதன் மேல் 12 மில்லிக்குக் குழாய் உறை, வலப்பக்கம் பேரிங்குக்கும் டிராப்அவுட்டுக்கும் நடுவில் ஐந்து வாஷர். வாஷர்களின் ஓரம் கடித்துப் பளபளவென்று ஆகியிருந்தது, இரண்டில் ஒரு பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி. அச்சை மட்டும் எடுத்து மேஜைக் கண்ணாடியில் உருட்டிக் காட்டினேன். நேரான அச்சு சத்தமில்லாமல் உருளும், இது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எழும்பி விழுந்தது, அடியில் நகம் நுழையும் அளவு இடைவெளி. பேரிங்கில் இருந்து டிராப்அவுட் வரை அச்சு தாங்கலில்லாமல் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு வளைக்கும் விசை கூடும். 15 மில்லி கூட்டினால் பல ஹப்களில் அந்தத் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவன் அதில் நான்கு வாரம் ஓட்டியிருக்கிறான், உடையாமல் வளைந்ததோடு நின்றது அவன் நல்ல நேரம்.

பேரிங்கை மாற்றி 12 மில்லி அச்சு நேரடியாகப் போடலாமா என்றால், ஹப்பைப் பொறுத்தது. பேரிங் எண்ணைப் பாருங்கள். 6000 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8, அதே 26 வெளிவிட்டத்தில் 12 மில்லி ஓட்டையோடு வழக்கமான அளவு எதுவும் கிடையாது, முயற்சியை அங்கேயே விட்டுவிடலாம். 6001 என்றால் 12×28×8, 12 மில்லி அச்சு அப்படியே போகும். அதே 28 வெளிவிட்டத்தில் 6902 என்பது 15×28×7, 1 மில்லி ஷிம் (மெல்லிய வளையம்) வைத்தால் 15 மில்லிக் குழாய் அச்சு போட்டு அதற்குள் 12 மில்லி த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவி ஃபிரேமில் இறுகும் அச்சு) விடலாம். 6901-க்கும் 6802-க்கும் இதே உறவுதான், 24 வெளிவிட்டம், அகலத்தில் 1 மில்லி வித்தியாசம். ஆனால் 6802 மிக ஒல்லியான பேரிங், டவுன்ஹில் பின் சக்கரத்தில் அதை நம்ப வேண்டாம். ஹப் கம்பெனியே எண்ட் கேப்பும் (ஹப்பின் இரு முனையிலும் போடும் மூடி) அச்சும் தனியாக விற்கிறது என்றால் லேத் வேலைக்குப் போகாமல் அதையே வாங்குங்கள்.

எங்கே இந்த மாற்றம் உண்மையிலேயே எளிதாக நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சில பழைய டவுன்ஹில் ஃபிரேம்களின் பின்பக்கம் 135×12. அதற்கு 12 மில்லி அச்சு மட்டும் போதும், டிஸ்க்கும் செயினும் அசையாது. 142×12 ஃபிரேமும் அப்படியே: பார்க்க 7 மில்லி அகலம், ஆனால் அந்த 7 மில்லியும் டிராப்அவுட்டில் குடைந்த பள்ளத்துக்குள் பக்கத்துக்கு 3.5-ஆகப் போய்விடுகிறது, எண்ட் கேப் மாற்றினால் முடிந்தது. 150-க்கும் 157-க்கும் உள்ள உறவும் இதுவே. 157 சூப்பர்பூஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஃபிளாஞ்சுகள் இன்னும் அகலம், அதைப் பழைய 157 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஆக 135, 142 ஒரு குடும்பம், 150, 157 இன்னொரு குடும்பம். குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஒன்றில் இருந்து மற்றதுக்குத் தாவ முடியாது.

டவுன்ஹில்லில் ஒற்றைப் பல் ஹப்புக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹோண்டாவின் ஆர்என்01 டவுன்ஹில் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள், கியர் முழுவதும் பெடல் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள், பின் சக்கரத்தில் ஒரே பல்சக்கரம். தென்னாப்பிரிக்க டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னார் 2005-ல் உலகக் கோப்பைத் தொடரை வென்றது ஹோண்டா அணியில் இருந்தபோதுதான். நியூசிலாந்தின் சீரோட் கம்பெனி அதன் பிறகு ஷிமானோ ஆல்ஃபைன் 8 கியர் ஹப்பை ஃபிரேமுக்கு நடுவில் வைத்து அதையே கியர் பெட்டியாக ஆக்கியது, அங்கேயும் பின்னால் ஒற்றைப் பல்தான். பின் சக்கரத்தின் எடை குறைந்தால் சஸ்பென்ஷன் கல்லுக்குக் கல் சீக்கிரம் எழுந்து இறங்கும் என்பதை அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் உடனே சொல்வார்கள். ஆனால் ஃபிரேமையே அதற்காக வடிவமைத்துவிட்டுப் பிறகு ஹப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் தலைகீழாகப் போகிறோம்.

ஆகவே நான் சொல்லும் வழி: 150×12 அளவில் சாதாரண கேசட் (பின் கியர் பல்சக்கரங்களின் அடுக்கு) போடும் டவுன்ஹில் ஹப் ஒன்றைப் பழையதாகவே வாங்குங்கள். ஃபிரேம்கள் 157-க்குப் போய்விட்டதால் 150 ஹப் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. உங்கள் ரிம்மை அதில் கட்டிக்கொள்ளலாம், ஸ்போக் ஓட்டை எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 150 ஹப்பின் ஃபிளாஞ்சுகள் அகலமாக இருப்பதால் இரண்டு பக்க இழுவையும் சமத்துக்கு அருகில் வரும், அதாவது சிங்கிள் ஸ்பீட் ஹப்பில் நீங்கள் எதிர்பார்த்த பலம் இங்கே ஸ்பேசர் இல்லாமலே கிடைக்கிறது. டிஸ்க் இடத்தில் நிற்கும், அச்சு 12 மில்லி.

பிறகு அந்த ஹப்பை ஒற்றைப் பல்லாக ஆக்குங்கள். ஷிமானோ வகை ஃப்ரீஹப்பில் (ஹப்பின் வலப்பக்கம் பல்சக்கரத்தைத் தாங்கும் உருளை) பல்சக்கரம் உட்காரும் நீளம் சுமார் 35 மில்லி. அதில் ஒரு பல்சக்கரமும் இரண்டு பக்கமும் ஸ்பேசர் வளையங்களும். இதற்குக் கிட் விற்கிறார்கள், ஆனால் தேய்ந்த இரண்டு பழைய கேசட்டுகளைப் பிரித்தாலே வளையம் வேண்டிய அளவு கிடைக்கும். 8 கியர் கேசட்டின் வளையம் 3 மில்லி, 9 கியருடையது இரண்டரைக்கு ஒட்டி, இரண்டையும் கலந்து போட்டு அரை மில்லி வரை துல்லியமாக நகர்த்தலாம். பல்சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேசட்டில் இருந்து பிய்த்த மெல்லிய பல்சக்கரம் அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிகளுக்குள் கத்திபோல இறங்கிவிடும், ஒரு சீசனில் அதை வெளியே எடுக்கச் சுத்தியல் தேவைப்படும். அடிப்பாகம் 4 மில்லிக்கு மேல் தடித்த, சிங்கிள் ஸ்பீட் என்று விற்கும் பல்சக்கரமே வாங்குங்கள். கடைசி வளையம் ஃப்ரீஹப் விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் லாக்ரிங் (எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் மரை மூடி) வளையத்தை அழுத்தாமல் ஃப்ரீஹப்பில் முட்டி நின்றுவிடும். லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர்.

செயின் கோடு அளப்பதற்கு ஒரு சின்ன முறை. சஸ்பென்ஷன் ஃபிரேமில் சீட் டியூப் பல நேரம் நடுவில் இருக்காது, அதை வைத்து அளக்காதீர்கள். முன்னால், கூட்டின் வலப்பக்க முகத்தில் இருந்து பல்லின் நடு வரை வெர்னியரில் அளந்து 41.5 கூட்டுங்கள், அது 83-ல் பாதி. பின்னால், வலப்பக்க டிராப்அவுட்டின் உள்முகத்தில் இருந்து பல்லின் நடு வரை அளந்து 75-ல் இருந்து கழியுங்கள். இரண்டு எண்ணும் 1 மில்லிக்குள் ஒத்து வரும் வரை வளையத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பின் பல்சக்கரத்தை ஃப்ரீஹப்பின் வெளிப்பாதியில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டி வரும் என்று நினைக்கிறேன், 83 கூட்டில் அப்படித்தான் முடிகிறது.

இப்போது செயின் இழுவை. ஹார்ட்டெயிலில் சிங்கிள் ஸ்பீட் ஓட்டியவர்கள் எல்லோரும் தவறவிடுவது இது. ஹார்ட்டெயிலில் பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் மாறாது. 200 மில்லி சஸ்பென்ஷனில் சக்கரம் மேலே ஏற ஏற அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும், சுழலும் முனை பெடல் அச்சிலேயே இருக்கும் அபூர்வமான ஃபிரேம்கள் தவிர. செயினை டைட்டாகப் போட்டு ஒரு டிராப்பில் இருந்து இறங்கினால், ஒன்று சஸ்பென்ஷன் பாதியில் நிற்கும் அல்லது செயின் அறுந்துபோகும். ஷாக்கின் சுருளைக் கழற்றிவிட்டு, அல்லது காற்று ஷாக் என்றால் காற்றை இறக்கிவிட்டு, பின் சக்கரத்தை அடிவரை ஏற்றிப் பிடித்துக்கொண்டு செயின் நீளத்தை முடிவு செய்யுங்கள். அந்த நிலையில் டென்ஷனரின் (செயினை இழுத்துப் பிடிக்கும் கருவி) கை முழுவதும் நீளாமல் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். வண்டியில் ஆள் இல்லாதபோது செயின் தொங்கவும் கூடாது.

ஹார்ட்டெயிலுக்கென்று விற்கும் ஒற்றை உருளை டென்ஷனர் இவ்வளவு நீளத்தை விழுங்காது. குட்டைக் கை உள்ள, கை ஆடாமல் தடுக்கும் கிளட்ச் வைத்த டெரெயிலரையே (கியர் வண்டியில் பின் செயினை நகர்த்தும் கருவி) டென்ஷனராக வைத்துக்கொள்வதுதான் நான் கண்டதில் நம்பகமானது. ஷிஃப்டர் வேண்டாம். பழைய கியர் ஒயரில் குண்டு இருக்கும் முனையோடு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, குண்டு பேரல் அட்ஜஸ்டரில் (ஒயர் நுழையும் இடத்தில் உள்ள திருகு) மாட்டி நிற்கும்படி உள்ளே விட்டு, மேல் உருளையைக் கையால் பல்சக்கரத்துக்கு நேரே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒயரைப் போல்ட்டில் இறுக்குங்கள். மிச்ச அரை மில்லியைப் பேரலைத் திருகிச் சரிசெய்யலாம். பிறகு டெரெயிலர் நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும் இரண்டு லிமிட் ஸ்க்ரூவையும் முடிந்தவரை நெருக்கி விடுங்கள். முன்னால் மேலும் கீழும் பிடிக்கும் செயின் கைடு கட்டாயம், குறுகல் அகலம் மாறி மாறி வரும் பல் உள்ள முன் பல்சக்கரம் இருந்தாலும்கூட.

டெரெயிலர் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் என்ன லாபம் என்று நீங்கள் கேட்பது நியாயம். கை குட்டை, கல்லில் அடிபடுவது குறைவு. செயின் குறுகியது, ஃபிரேமில் அடிக்கும் சத்தம் நன்றாகக் குறையும். எங்கள் பக்கத்துச் சேற்றில் ஷிஃப்டர் ஒயர் மாதம் ஒன்று போகும், அந்தத் தொல்லை இல்லை. எடை சில நூறு கிராம் குறையும், அதுவும் பின் அச்சில் இருந்து. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன், நாள் முழுவதும் லிஃப்டில் ஏறி இறங்குபவருக்கு இது பிடித்துப்போகும். இடையிடையே மிதித்து ஏற வேண்டிய பாதை என்றால் எஸ்ராம் கம்பெனியின் 7 கியர் டவுன்ஹில் செட்டே நல்லது, 11-25 பல் கேசட் சாதாரண ஃப்ரீஹப்பிலேயே போகும்.

பல் எண்ணிக்கைக்கு முன்னால் 36, பின்னால் 16-ல் தொடங்குங்கள். 27.5 அங்குலத் தடித்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும், நிமிடத்துக்கு 90 மிதியில் மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். 14 போட்டால் 30-ஐத் தாண்டும், ஆனால் மெதுவான வளைவில் இருந்து வெளியே வரும்போது முதல் இரண்டு மிதி கல்லாக இருக்கும். 27-க்கு மேல் பாதையே உங்களை இழுத்துக்கொண்டு போகும், அங்கே மிதிக்க வேண்டிய அவசியம் வராது.

ஹப் தேர்வில் கடைசியாக ஒன்று. மிதித்த உடனே பிடிக்கும் ஹப்தான் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். டிடி ஸ்விஸ் ஹப்பில் 18 பல் ராட்செட் (ஹப்புக்குள் பிடித்து விடும் பல்வளையம்) என்றால் 20 டிகிரிக்கு ஒரு பிடி, 36 என்றால் 10, கிறிஸ் கிங் 72 பல்லில் 5. டவுன்ஹில்லில் மெதுவாகப் பிடிப்பதே எனக்குப் பிடிக்கும். பிரேக்கில் பின் சக்கரம் பூட்டி நிற்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கினால் செயின் பெடலைப் பின்னுக்குச் சுண்டும், காலில் அது நன்றாகத் தெரியும். பிடிப்புக்கு நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால் அந்தச் சுண்டலில் பெரும்பகுதி காலுக்கு வராமலே போய்விடும். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் அமெரிக்க வீரர் ஆரன் குவினுக்குத் தொடக்கக் கட்டையை விட்டு வெளியே வந்த உடனே செயின் அறுந்தது, செயினே இல்லாமல் இறங்கி அந்த உலகக் கோப்பைச் சுற்றை வென்றார். அவர் திறமைதான் முதல் காரணம். இருந்தாலும் செயின் இழுக்காத சஸ்பென்ஷன் எவ்வளவு தாராளமாக வேலை செய்யும் என்பது அன்று எல்லோர் கண்ணிலும் பட்டது.

உங்கள் 135 ஹப்பை விற்றுவிடாதீர்கள், ஹார்ட்டெயில் ஃபிரேம் ஒன்று கிடைத்தால் அதற்கு இதைவிட நல்ல ஹப் கிடையாது. புதுச் சக்கரத்தில் முதல் இரண்டு இறக்கம் முடிந்ததும் லாக்ரிங்கையும் ஆறு டிஸ்க் போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், ஸ்போக்கைக் கையால் ஜோடி ஜோடியாக அழுத்திப் பாருங்கள், முதல் நாளில் அது கொஞ்சம் தளரும். இன்னொன்று, 83 என்று நான் எடுத்துக்கொண்டது ஊகம்தான். பொருள் வாங்குவதற்கு முன் கூட்டின் அகலத்தை அளந்து எழுதுங்கள், 73 என்று வந்தால் வளையக் கணக்கு மாறும்.